அமெரிக்கா நாயகரும் வாசகசாலைக் கதவும்

என் அக்காள் புருஷன் வரத நாயகர் ஒரு நாள் சோறு வேண்டாம் என்று சொல்லிவிட்டு, முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு படுத்துவிட்டார். வயிற்று வலியாக்கும் என்று அக்காள் வரலட்சுமி ஓமத் தண்ணீர் காய்ச்சி எடுத்துப் போனாள். வலி வயிற்றில் இல்லை. நியூயார்க்கில் வேலை செய்யும் பெண்களுக்கு இன்ன அளவுக்குக் குறைந்து கூலி கொடுக்கக் கூடாது என்றிருந்த சட்டத்தை அமெரிக்காவின் சுப்ரீம் கோர்ட்டு செல்லாது என்று தள்ளிவிட்டதாம்.

"ஒம்போது கெழவனுங்க. அஞ்சு பேர் அந்தப் பக்கம், நாலு பேர் இந்தப் பக்கம். ஒரே ஒரு கெழவன் இப்டி சாஞ்சிருந்தா ஏழைப் பொம்பளைங்க பொழச்சிருப்பாங்க" என்று சுவரைப் பார்த்துச் சொன்னார்.

"எப்போ நடந்துச்சு?" என்று அக்காள் கேட்டாள்.

"ஜூன் ஒண்ணாந்தேதி."

"ஆடி மாசமே முடியப் போவுது. அங்க காரியம் எல்லாம் முடிச்சிட்டு அவங்கவங்க வேலையப் பார்க்கப் போயிருப்பாங்க. எந்திரிச்சு வந்து சாப்பிடுங்க."

இது நடந்தது 1936-இல். நாயகருக்கு ஊர் அயனம்பாக்கம். உத்தியோகம் பட்டணத்தில், தோல் ஏற்றுமதி செய்யும் ஒரு கம்பெனியில் குமாஸ்தா. அந்தக் கம்பெனித் துரைக்கு அமெரிக்காவிலிருந்து வாராவாரம் பத்திரிகைகள் கப்பலில் வரும். துரை படத்தைப் பார்த்துவிட்டுக் குப்பைக் கூடையில் போடுவார். கூடையிலிருந்து அவை நாயகரின் பைக்கு வரும். நியூயார்க்கிலிருந்து அயனம்பாக்கம் வந்துசேர அவற்றுக்கு ஏறக்குறைய இரண்டு மாதம் ஆகும். தந்திச் செய்தி மறுநாளே நம் ஊர்ப் பேப்பரில் வந்துவிடுமே என்று நான் கேட்டால், "தந்தின்றது வதந்தி மச்சான். அமெரிக்காக்காரன் அச்சுல போட்டாத்தான் நம்புவேன்" என்பார். அதனால் அமெரிக்காவில் நடக்கும் நல்லது கெட்டது எல்லாம் இவருக்கு மட்டும் இரண்டு மாதம் கழித்துத்தான் நடக்கும்.

நான் அப்போது அம்பத்தூர் ஸ்டேஷனில் டிக்கெட் கொடுத்துக்கொண்டிருந்தேன். தினம் காலையில் நாயகர் மாட்டு வண்டியிலிருந்து இறங்கி, ரயில் வரும்வரை பிளாட்பாரத்தில் அகப்பட்டவனைப் பிடித்து வைத்துக்கொண்டு பேசுவார். பொறுக்கியெடுத்த கொள்கைகள். ஏழைக்குக் கூலி வேண்டும், கிழவனுக்குப் பென்ஷன் வேண்டும், வேலை இல்லாதவனுக்குச் சர்க்கார் வேலை கொடுக்க வேண்டும், ஜனங்கள் தேர்ந்தெடுத்த ஆட்சிக்குக் குறுக்கே கோர்ட்டு நிற்கக் கூடாது. ஒன்றைக்கூடக் குறை சொல்ல முடியாது. எல்லாம் அமெரிக்காவுக்கு என்பதுதான் ஒரே சங்கடம்.

அமெரிக்க ஜனாதிபதி ரூஸ்வெல்ட் படத்தைப் பத்திரிகையிலிருந்து கத்தரித்துக் கண்ணாடி போட்டு, சுவாமி அலமாரிக்குப் பக்கத்தில் மாட்டியிருந்தார். அக்காள் வெள்ளிக்கிழமை படங்களுக்குக் குங்குமம் வைக்கும்போது அவருக்கும் ஒரு பொட்டு வைத்துவிடுவாள். நாற்காலியில் உட்கார்ந்திருப்பவரை விட்டுவிட்டுப் போக அவளுக்கு மனசு வரவில்லை. நவம்பரில் நடந்த தேர்தலில் அவர் நாற்பத்தெட்டு ராஜ்யங்களில் நாற்பத்தாறில் ஜெயித்தார். நாயகர் பிளாட்பாரம் முழுக்கக் கல்கண்டு கொடுத்தது பொங்கல் சமயத்தில். அப்பவும் மற்ற இரண்டு ராஜ்யங்களை அவர் மன்னிக்கவில்லை. "மெயின், வெர்மான்ட்" என்று பெயர் சொல்லும்போதே பல்லைக் கடிப்பார்.

அடுத்த மாதம் நம் சென்னை ராஜதானிக்கே தேர்தல் வந்தது. நிலத் தீர்வை கட்டுகிறவர் என்பதால் நாயகருக்கு ஓட்டு இருந்தது. அவர் போடவில்லை. அன்றைக்குக் கப்பல் தபால் வரும் நாளாம்.

அவர் பேச்சைக் கேட்டால் ஊரார் ஓடிவிடுவார்கள். ஓட முடியாத ஒரே ஆள் வேம்புலி. வேம்புலி அவர் வீட்டுப் படியாள், அப்பன் காலத்திலிருந்து அந்த வீட்டு நிலத்தை உழுகிறவர். காலையில் நாயகரை அம்பத்தூருக்கு வண்டியில் கொண்டுவந்து விடுவதும் சாயங்காலம் கூட்டிப் போவதும் அவர்தான். அவரை 'அவன்' என்று எழுதுவது வழக்கம் என்று எனக்கும் தெரியும். அக்காள் புருஷனுக்கே 'அவர்' போடும்போது வேம்புலிக்குப் போடாமல் இருக்க எனக்குக் காரணம் அகப்படவில்லை.

வண்டியில் நாயகருக்குப் பிடித்த விஷயம் அமெரிக்காவின் தெற்கு ராஜ்யங்கள். அங்கே கறுப்பு ஜனங்களை ஓட்டுப் போட விடாமல் வெள்ளைக்காரர்கள் செய்யும் தந்திரங்களைச் சொல்லும்போது அவருக்குக் கண் கலங்கிவிடும். "கறுப்பன் ஓட்டுப் போடக் கூடாதுன்னு சட்டத்துல ஒரு எழுத்து கூட இருக்காது வேம்புலி. படிக்கத் தெரிஞ்சவன்தான் போடலாம்னு போட்டிருப்பான். சரி, வெள்ளைக்காரனும் படிக்காதவன் கீறானே, அவன் இன்னா பண்ணுவான்? உன் தாத்தா ஓட்டுப் போட்டவரா, அப்ப நீ படிக்க வாணாம், போட்டுக்கோன்னு இன்னொரு விதி. கறுப்பனோட தாத்தா அடிமை, அவனுக்கு ஏது ஓட்டு? எம்மாம் அயோக்கியத்தனம் பாரு."

"ஆமாங்க ஆண்டே" என்பார் வேம்புலி, மாட்டைப் பார்த்தபடி.

"சில ஜில்லாவுல கறுப்பு ஜனந்தான் ஜாஸ்தி. எல்லாருக்கும் ஓட்டு இருந்தா ஆட்சியே அவங்க கையில."

வேம்புலி கொஞ்ச தூரம் வண்டி ஓட்டிவிட்டுக் கேட்டாராம், "நம்ம ஊர்ல எந்தப் பக்கம் தல ஜாஸ்தி ஆண்டே?"

நாயகருக்கு உற்சாகம் தலைக்கேறியிருந்த நேரம். கணக்குப் போட்டார். "சேரிப் பக்கந்தான் ஜாஸ்தி" என்று சொல்லிவிட்டார். இதை அவரே என்னிடம் சொன்னார், தன் மாணவன் எவ்வளவு நன்றாகக் கேள்வி கேட்கிறான் என்ற பெருமையோடு.

அந்தக் கேள்விக்குப் பின்னால் ஓர் ஓடை இருந்தது. அயனம்பாக்கத்து ஏரி ரொம்பினால் கலங்கல் வழியாகத் தண்ணீர் வெளியே வந்து, சேரிக்கும் ஊர் ரஸ்தாவுக்கும் நடுவில் ஓடும். ஐப்பசி கார்த்திகையில் அது மார்பளவு போகும். சேரி தனித் தீவாகிவிடும். அதற்கு முந்தின ஐப்பசியில் வேம்புலியின் மகள் ராஜம்மாவுக்கு முதல் பிரசவம். மருத்துவச்சி எல்லம்மா இந்தக் கரையில் குடையைப் பிடித்துக்கொண்டு நின்றாள், ராஜம்மா அந்தக் கரையில் கத்திக்கொண்டிருந்தாள். குழந்தை செத்துப் பிறந்தது. இப்போது ராஜம்மா மறுபடியும் முழுகாமல் இருந்தாள். கணக்குப்படி இந்தத் தடவையும் ஐப்பசிதான்.

அந்த வருஷம் ஊர்ப் பஞ்சாயத்துக்கு ஏதாவது ஒரு வேலை செய்துகொள்ளச் சொல்லி ஜில்லாவிலிருந்து பணம் வந்திருந்தது. ஓடைக்கு ஒரு சின்னப் பாலம் போட அது தாராளமாகப் போதும். நாயகருக்கோ வேறு கனவு. அயனம்பாக்கத்தில் ஒரு பொது வாசகசாலை. அதில் அவருடைய பத்திரிகைகள் அனைத்தும் அடுக்கி வைக்கப்படும். ஜனங்கள் வந்து படித்து அமெரிக்காவைப் பற்றித் தெளிவு பெறுவார்கள். எது என்பதைப் பஞ்சாயத்துப் பிரசிடெண்டு முடிவு செய்ய வேண்டும். பிரசிடெண்டுக்குத் தேர்தல் சித்திரையில். நிற்பது நாயகர் மட்டும் என்று ஊர் நினைத்துக்கொண்டிருந்தது.

எங்கள் பக்கத்தில் அப்போது ஊர்த் தேர்தல் என்றால் கை தூக்குவதுதான். சாவடியில் எல்லோரும் கூட, ஒரு ரெவினியூ அதிகாரி வந்து தலையை எண்ணுவார். வயது வந்த ஆண்பிள்ளை யாரும் தூக்கலாம். சேரிக்காரர்களும் தூக்கலாம் என்றுதான் விதி. ஆனால் தேர்தல் என்று தண்டோரா போடுகிற வேம்புலியின் தம்பி தங்கவேல் ஊர்த் தெருக்களில் மட்டும் பறையடித்துச் சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய்விடுவார். தன் தெருவில் அடித்ததே கிடையாது. யாரும் அடிக்காதே என்று சொல்லவில்லை, அடி என்றும் சொல்லவில்லை. அன்றைக்குச் சேரி ஆண்கள் எல்லாருக்கும் தூரத்துக் கழனியில் வேலை இருக்கும்படி ஊரார் பார்த்துக்கொள்வார்கள்.

அந்தச் சித்திரையில் தங்கவேல் முதலில் தன் தெருவில் பறையடித்தார். பிறகுதான் ஊருக்குள் வந்தார். பிரசிடெண்டுக்கு நிற்பவர்கள் இரண்டு பேர் என்றும், இரண்டாவது ஆள் வேம்புலி என்றும் அவர் சாவடிக்கு எதிரில் நின்று சொன்னபோது, நாயகரே வாசலுக்கு வந்து இன்னொரு தடவை சொல்லச் சொன்னார்.

ஊர்ப் பெரியதனக்காரர் சின்னசாமி அன்று மாலையே நாயகர் வீட்டுக்கு வந்தார். ஞாயிற்றுக்கிழமை, நானும் இருந்தேன். சின்னசாமிக்குப் படிப்பு வாசனை இல்லை, நிலம் இருந்தது. அவர் யோசனை நேரானது.

"குடிசை எல்லாம் நம்ம நெலத்துல கீது. கைய தூக்கினா குடிசைய தூக்கிடுவேன்னு ஒரு வார்த்தை சொன்னா போதும்" என்றார்.

நாயகர் பதறிப்போனார். காதைப் பொத்திக்கொண்டார் என்றே சொல்ல வேண்டும். "மிரட்டுறதா? நாம இன்னா காட்டுமிராண்டிங்களா? நாகரிகமான ஊர்ல அப்டி எல்லாம் பேசவே கூடாது சின்னசாமி" என்றார். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அக்காள் புருஷனைப் பற்றித் தவறாக நினைத்துவிட்டோமே என்றுகூடத் தோன்றியது. அந்த எண்ணம் அவர் அடுத்த வாக்கியம் பேசும்வரை இருந்தது.

"படிக்கத் தெரிஞ்சவன் மட்டும் கை தூக்கட்டும்னு ஒரு விதி போட்டுட்டாப் போச்சு. சேரின்னு பேரே எடுக்க வாணாம். எல்லாருக்கும் ஒரே விதி. யாரும் குத்தம் சொல்ல முடியாது."

சின்னசாமி வாயைப் பிளந்தார். பிறகு அவர் முகம் தொங்கியது. "எனக்கே படிக்கத் தெரியாதே நைனா."

"தாத்தா தீர்வை கட்டினவரா இருந்தா படிக்க வாணாம்னு இன்னொரு விதி."

சின்னசாமி எழுந்து நின்று கும்பிட்டார். "இத்த இத்தினி வருஷமா உள்ள வெச்சிக்கினு இருந்தியே. படிச்சவன் படிச்சவன்தான்" என்றார். பாவம், தலைமுறை தலைமுறையாகக் குடிசையைப் பிரிப்பது, கட்டி வைத்து அடிப்பது என்று உடம்பை வருத்திக்கொண்டு கஷ்டப்பட்டவர்கள். கை அழுக்காகாமல் காரியம் முடிக்க வழி இருக்கிறது என்று அவர்களுக்கு யாரும் சொல்லித்தரவில்லை.

எனக்குப் பொறுக்கவில்லை. "மாமா, நீங்க கண்ணு கலங்கிச் சொன்ன அதே விதிதான இது" என்று கேட்டேன். இன்னொன்றையும் கேட்டேன். அந்தத் தாத்தா விதியை, அவர் வாய்க்கு வாய் திட்டும் அந்த சுப்ரீம் கோர்ட்டே இருபது வருஷத்துக்கு முன்னால் செல்லாது என்று தள்ளிவிட்டதாக அவர்தான் எனக்குச் சொல்லியிருந்தார்.

"அது அங்க மச்சான். அங்க அத்த கெட்ட எண்ணத்தோட போட்டான். நான் இவங்க நல்லதுக்குப் போடுறேன். மொதல்ல வாசகசாலை வரட்டும். படிக்கட்டும். படிச்சப்புறம் வேம்புலியே பிரசிடெண்டு ஆவட்டும், நானே மாலை போடுறேன்."

"ஐப்பசிக்குள்ள படிச்சிடுவாங்களா?" என்று அக்காள் உள்ளேயிருந்து கேட்டாள்.

தேர்தல் அன்று சேரி ஆண்கள் குளித்து, துவைத்த வேட்டி கட்டிக்கொண்டு வந்தார்கள். சாவடிக்குள் வரவில்லை, எதிரே வெயிலில் நின்றார்கள். பார்த்த மாத்திரத்தில் தெரிந்தது, அந்தப் பக்கம்தான் தலை அதிகம். அதிகாரி அப்படி ஒரு விதி தன் புத்தகத்தில் இல்லையே என்று கொஞ்சம் இழுத்தார். இது ஊர் ஏகமனதாகச் செய்த தீர்மானம் என்று நாயகர் இங்கிலீஷில் சொன்னார். அதிகாரிக்குப் பசி. இங்கிலீஷும் நன்றாக இருந்தது. சரி என்றுவிட்டார்.

நாயகர் ஒரு தமிழ்ப் பேப்பரை நீட்டினார். வேம்புலி வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். அவருக்குப் பின்னால் ஒவ்வொருவராக அதேபோலத் திருப்பிக் கொடுத்தார்கள். தங்கவேல் மட்டும் நசரத்பேட்டையில் யாரோ ஒரு பாதிரியிடம் கொஞ்ச நாள் எழுத்துக் கற்றவர். அவர் விரலை வைத்து ஒரு வரி படித்தார். நாயகர் அந்தப் பேப்பரை வாங்கிக்கொண்டு, பையிலிருந்து அமெரிக்கப் பத்திரிகையை எடுத்து நீட்டினார். தங்கவேல் அதை வாங்கவே இல்லை.

சின்னசாமியிடம் எந்தப் பேப்பரும் நீட்டப்படவில்லை.

"எங்க தாத்தாவும் இதே நெலத்துலதான் உழுதார் ஆண்டே" என்றார் வேம்புலி.

"உழுதது கணக்கில்ல வேம்புலி. தீர்வை கட்டினதுதான் கணக்கு."

வேம்புலி நாயகரையே பார்த்துக்கொண்டு நின்றார். கோபம் இல்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ள விரும்புகிறவர் முகம். "ஆண்டே, வண்டில தெனம் ஒரு ஊரப் பத்திச் சொல்லிக்கினு வருவீங்களே. கப்பல்ல ரெண்டு மாசம் ஆவும்னீங்க. அது இம்மாம் கிட்டவா கீது?"

நாயகர் அதிகாரியிடம் நேரமாகிறது என்றார். கைகள் தூக்கப்பட்டன, எண்ணப்பட்டன, நாயகர் பிரசிடெண்டு ஆனார். எனக்கு அன்றைக்கு வந்த கோபம் இன்றைக்கும் ஆறவில்லை.

அன்று வீட்டில் அக்காள் இலை போட்டுச் சோறு வைத்தாள். வைத்துவிட்டு, "ஒம்போது கெழவனுங்க ஒம்போது கெழவனுங்கன்னு கரிச்சுக் கொட்டுவீங்களே. பத்தாவது ஆள் நம்ம ஊட்லயே சாப்டுகினு கீறாருன்னு எனக்குத் தெரியாமப் போச்சு" என்றாள். நாயகர் மோர் கேட்டார். ரூஸ்வெல்டுக்கு மட்டும் அந்த வெள்ளிக்கிழமையும் குங்குமம் கிடைத்தது. அவர் என்ன செய்வார் பாவம் என்றாள்.

வைகாசி முடியும்போது அமெரிக்காவிலிருந்து நல்ல செய்தி வந்தது. நடந்தது மார்ச்சில். ஓட்டல் ஒன்றில் படுக்கை தட்டிப் போடும் ஒரு பெண் குறைந்தபட்சக் கூலிக்காக வழக்குப் போட்டு, அதே சுப்ரீம் கோர்ட்டில் ஜெயித்துவிட்டாள். இந்தத் தடவை ஐந்து கிழவர்கள் இந்தப் பக்கம். நாயகருக்குத் தலைகால் புரியவில்லை. "ஒரு கூலிக்காரி மச்சான். ஒரு சாதாரணக் கூலிக்காரி. கோர்ட்டே அவளுக்குப் பணிஞ்சுது" என்று டிக்கெட் ஜன்னலில் தலையை விட்டுச் சொன்னார். பிறகு குரலைத் தாழ்த்தி, "இந்த வேம்புலிகிட்ட சொன்னா இப்பல்லாம் 'ஆமாங்க ஆண்டே'ன்னு கூட சொல்றது இல்ல. இவங்களுக்கு அரசியல்ல அக்கறையே போயிடுச்சு. அதான் இந்த நாடு உருப்படல" என்று வருத்தப்பட்டார்.

ஆவணியில் வாசகசாலை திறந்தார்கள். ஒரே அறை, ஓட்டுக் கூரை. ஆனால் கதவு மட்டும் பர்மா தேக்கில், இரண்டு பெரிய பலகையாக, பட்டணத்திலிருந்து வண்டியில் வந்தது. அறிவுக்கு வாசல் அகலமாக இருக்க வேண்டும் என்று திறப்பு விழாவில் நாயகர் பேசினார். உள்ளே வர ஒரு விதியும் வைத்தார், படிக்கத் தெரிந்தவர்கள் வரலாம். ஞாயிற்றுக்கிழமைகளில் நாயகர் உள்ளே உட்கார்ந்து படிப்பார். மற்ற நாட்களில் அகலமான வாசலில் பெரிய பூட்டுத் தொங்கும்.

ஐப்பசி பிறந்து, ஏரி ரொம்பி, கலங்கல் பாய ஆரம்பித்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, நான் அக்காள் வீட்டில் பல் துலக்கிக்கொண்டிருந்தபோது, தெருவில் ஆட்கள் ஓடும் சத்தம் கேட்டது. வெளியே போனால் கொட்டுகிற மழையில் தங்கவேலும் நாலைந்து பேரும் வாசகசாலைக் கதவுகளைக் கீலோடு பெயர்த்துத் தலையில் வைத்துக்கொண்டு ஓடையை நோக்கிப் போகிறார்கள். ராஜம்மாவுக்கு விடியும்போதே வலி கண்டுவிட்டது. அந்தக் கரையிலிருந்து இவர்கள் நீந்தி வந்திருந்தார்கள்.

ஓடைக்கரையில் நான் பார்த்ததை மறக்க முடியாது. ஓடையின் குறுக்கே இரண்டு பனைமரத் துண்டுகள், அவற்றின் மேல் வண்டிக் கயிற்றால் கட்டிய தேக்குக் கதவுகள். தண்ணீர் இழுக்காதபடி இருபுறமும் மார்பளவு வெள்ளத்தில் ஆண்கள் நின்று, கைகளால் பலகையைத் தாங்கிப் பிடித்திருந்தார்கள். சித்திரையில் தூக்கக் கூடாது என்று சொல்லப்பட்ட அதே கைகள். அந்தக் கைகள் தாங்கிய பலகையின் மேல் வேம்புலியும் அவர் மனைவி அங்கம்மாவும் ராஜம்மாவை நடத்திக் கூட்டிவந்தார்கள்.

பூந்தமல்லி ஆஸ்பத்திரிக்கு வண்டி கட்ட நேரமில்லை என்று மருத்துவச்சி எல்லம்மா சொல்லிவிட்டாள். பக்கத்தில் கூரை உள்ள இடம் ஒன்றுதான், கதவில்லாமல் திறந்து கிடந்தது. தரையெல்லாம் சாரல். எல்லம்மா அலமாரியிலிருந்து பத்திரிகைகளை வாரி வாரித் தரையில் பரப்பினாள். அக்காள் வெந்நீர் அண்டாவைத் தூக்கிக்கொண்டு மழையில் ஓடினாள். கொஞ்ச நேரத்தில் குழந்தை அழுதது. பெண் குழந்தை, நல்ல குரல். நான் வெளியே நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டேன். மழையில் யாருக்கும் தெரியவில்லை.

அப்புறம்தான் நாயகர் குடையோடு வந்தார். கதவு இருந்த இடத்தைப் பார்த்தார். உள்ளே தரையைப் பார்த்தார். அவருடைய இரண்டு வருஷத்துத் தெளிவு அங்கே நனைந்து கிடந்தது.

"உள்ள வர விதி கீதுன்னு உங்களுக்குத் தெரியாதா?" என்று கேட்டார். குரலில் அதட்டல் இல்லை. வேறு எதுவும் அவருக்குத் தோன்றவில்லை என்றுதான் நினைக்கிறேன்.

அங்கம்மா வாசலுக்கு வந்தாள். "படிச்சவங்க வரலாம்னு சொன்னீங்க ஆண்டே. கொழந்தைக்குப் படிச்சிட்டு வர நேரமில்ல" என்றாள்.

ஆனால் கதையை அங்கேயே முடித்துக்கொள்ளும் ஆள் இல்லை நாயகர். மழை விட்டு, மிச்சமிருந்த பத்திரிகைகளை ஆடுகள் வந்து மேய ஆரம்பித்ததும், கதவு வேண்டும் என்றார். தெற்கு ராஜ்யங்களைப் பற்றிய கட்டுரைகளை ஒரு கிடா விரும்பித் தின்றதாக அக்காள் சொன்னாள். அடுத்த ஞாயிறு, நாயகரும் சின்னசாமியும் இரண்டு ஆட்களோடு ஓடைக்குப் போனார்கள். நானும் பின்னால் போனேன். கதவுகள் இன்னும் ஓடை மேல்தான் இருந்தன. அவற்றின் மேல் சேரி ஜனங்கள் போவதும் வருவதுமாக இருந்தார்கள். நடுப்பாலத்தில் என் அக்காள் நின்றுகொண்டிருந்தாள், ராஜம்மாவுக்குப் பத்தியச் சோறு கொண்டுபோகிற தூக்கோடு.

"பஞ்சாயத்துச் சொத்து வேம்புலி. திருப்பித் தரணும்" என்றார் நாயகர்.

அந்தக் கரையில் சேரி முழுக்க வந்து நின்றுவிட்டது. வேம்புலி முன்னால் வந்தார். "பஞ்சாயத்துச் சொத்துன்னா எல்லாருதும் தான ஆண்டே. அது எங்க இருக்கணும்னு கைய தூக்கிப் பார்த்துடலாமா?"

நாயகர் பதில் சொல்லுமுன் கைகள் உயர்ந்துவிட்டன. ஆண்கள், பெண்கள், இடுப்புக் குழந்தையின் கையைப் பிடித்துத் தூக்கியவர்கள். இந்தக் கரையில் நாயகரும் சின்னசாமியும், கூலிக்கு வந்த இரண்டு பேரும். கூலிக்கு வந்தவர்கள் தரையைப் பார்த்தார்கள். நான் தூக்கினேன். பிறகு நாயகரின் முகம் மாறியது. நடுப்பாலத்தில் தூக்கைக் கீழே வைத்துவிட்டு அக்காளும் கையைத் தூக்கியிருந்தாள்.

"வரலட்சுமி, பொம்பளைங்களுக்கு இங்க கை தூக்குற பாத்தியதை இல்ல" என்றார் மெதுவாக.

"அமெரிக்காவுல கீதுன்னு நீங்கதான சொன்னீங்க" என்றாள் அக்காள். கை கீழே இறங்கவில்லை.

சின்னசாமி, "இப்ப எந்த விதி போடுறது?" என்று நாயகரின் காதில் கேட்டார். நாயகர் குடையை எடுத்துக்கொண்டு வீட்டைப் பார்க்க நடந்தார்.

பிளாட்பாரத்தில் மறுவாரமே கதை மாறிவிட்டது. ஏழை ஜனங்களுக்காக அயனம்பாக்கத்தில் தான் ஒரு பாலம் போட்டிருப்பதாகவும், ரூஸ்வெல்டும் நிறையப் பாலங்கள் கட்டியிருப்பதாகவும் நாயகர் சொல்லிக்கொண்டிருந்தார். நான் ஜன்னலை மூடிவிட்டேன்.

தை மாதம் ஒரு காலை, வண்டி ஸ்டேஷன் வாசலில் வந்து நின்றது. நாயகர் இறங்கும்போது பழைய பேச்சு. புதுப் பத்திரிகை வந்திருந்தது. தெற்கு ராஜ்யத்தில் கறுப்பு ஜனங்கள் படும் பாடு, படிப்புப் பரீட்சை, தாத்தா காலத்துப் பழி, எல்லாம். கண்ணைக்கூடத் துடைத்துக்கொண்டார். வேம்புலி மாட்டை அவிழ்த்துத் தண்ணீர் காட்டிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தார். எத்தனையோ மாதத்துக்குப் பிறகு அன்றுதான் அந்தப் பேச்சுக்கு அவர் வாயைத் திறந்தார்.

"ஏன் ஆண்டே, அந்த ஊர்ல பேத்தெடுக்க ஒரு கதவே கெடையாதா?"

ரயில் வந்தது. நாயகர் ஏறிக்கொண்டார்.